மாசி போடாத சம்பல்: கண்டியின் சைவக்கடைகள்

கண்டி நகரில் சைவக்கடை என்றால் இறைச்சி, மீன், முட்டை, மாசிக் கருவாடு எதுவும் உள்ளே வராத தமிழ்ச் சாப்பாட்டுக்கடை. பெயர்ப்பலகையில் விலாஸ், பவன், கபே, ஹோட்டல் என்று எது எழுதியிருந்தாலும் ஊர் வாயில் அது சைவக்கடைதான். சிங்கள வாடிக்கையாளர்களில் பலருக்கு அது தோசைக்கடை. மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றிய வீதிகளிலும் பேராதனை வீதியிலும் செல்வ விநாயகர் கோயில் இருக்கும் கட்டுக்கலைப் பக்கத்திலும் இத்தகைய கடைகளைக் காணலாம். கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை, கட்டுகஸ்தோட்டை என்று சுற்றுப்புற ஊர்களின் கடைத்தெருவிலும் பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். வாசலில் கண்ணாடி அலுமாரி, அதற்குள் வடையும் லட்டும். காசு வாங்கும் மேசைக்கு மேலே மாலை போட்ட பிள்ளையார், லட்சுமி, முருகன் படங்கள். உள்ளே நாலைந்து மேசை, ஒரு மூலையில் கை கழுவும் தொட்டி. அலங்காரம் என்று சொல்ல வேறெதுவும் இராது.

இந்தக் கடைகளில் கிடைக்கும் சாப்பாட்டைத் ‘தென்னிந்திய உணவு’ என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதிவிடுகின்றன. பாதி உண்மை. மதுரையிலோ திருச்சியிலோ சாப்பிட்டுப் பழகியவர் கண்டியின் பழைய சைவக்கடையில் தோசை கேட்டால், தட்டில் வருவது அவருக்குத் தெரிந்த தோசையாக இராது. யாழ்ப்பாணத்துக்காரரும் அதைத் தன் வீட்டுத் தோசை என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார். இரண்டு ஊர்ச் சமையலும் சிங்கள அயலின் ருசியும் ஒரே அடுப்பில் நெடுநாள் வெந்து உண்டான மூன்றாவது வகை அது.

கண்டியில் தமிழ்ச் சமையலுக்குத் தேயிலையைவிட வயது அதிகம். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட கடைசி நான்கு மன்னர்களும் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியினர். அவர்களுடைய உறவினர்கள் குடியிருந்த தெருவுக்கு மலபார் வீதி என்று பெயர். ஆனால் அரண்மனை அடுப்புக்கும் இன்றைய சைவக்கடைக்கும் நேரான தொடர்பு எதையும் காட்ட முடியாது. கடையின் கதை ஆங்கிலேயர் கோப்பி நட்ட காலத்தில்தான் தொடங்குகிறது. ராமநாதபுரம், மதுரை, திருச்சி, திருநெல்வேலி, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்தவர்கள் ஏராளம். 1867 இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டு ஆண்டுகளில் கோப்பிச் செடியை இலைத்துரு நோய் தாக்க, மலை முழுவதும் மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறியது.

இந்த மாற்றம் சாப்பாட்டுக்கடைக்கும் முக்கியமானது. கோப்பி பறிப்பு சில மாதத்து வேலை. பறித்து முடிந்ததும் ஆட்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் குடும்பங்கள் நிலைத்தன. அவர்களுக்கு அரிசி, துணி, பாத்திரம் விற்கவும் தோட்டங்களுக்குக் கடன் கொடுக்கவும் தமிழ்நாட்டு வியாபாரிகளும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் வந்தார்கள். மறுபுறம் வடக்கிலிருந்து ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தவர்கள் அரசாங்கக் கச்சேரிக்கும் ரயில் நிலையத்துக்கும் எழுதுவினைஞர்களாக வந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு நகரத்தில் அறை எடுத்துத் தங்கிய மனிதருக்கு மூன்று வேளைச் சாப்பாடு எங்கே? சைவக்கடை அந்தக் கேள்விக்குப் பிறந்த பதில்.

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மறுபடி ரயில் என்று ‘போட் மெயில்’ பயணம் ஒரே டிக்கெட்டில் அடங்கியது. கண்டிக்கு வருபவர் பொல்காவலையில் வண்டி மாறினால் போதும். சமையற்காரர், பரிமாறுபவர், மாவாட்டுபவர் எல்லோரும் கடல்கடந்து வந்துபோகக்கூடிய காலம் அது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதே ஆண்டில் வந்த குடிவரவு குடியகல்வுச் சட்டமும் அந்த நடமாட்டத்தை முடக்கின. 1964 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் உள்நாட்டுப் போரோடு நின்றது.

மசால் தோசை தமிழ்நாட்டின் சிற்றூர்கள்வரை பரவி, முறுகலாகவும் மெல்லியதாகவும் ஆகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் கண்டிச் சைவக்கடைக்கும் அக்கரைக்கும் இடையிலான வழி குறுகியது. அதனால்தான் இங்குள்ள தோசை தன் போக்கில் வளர்ந்தது என்று கருத இடமுண்டு.

அந்தத் தோசையைப் பார்ப்போம். உளுந்தும் பச்சரிசியும் கொஞ்சம் வெந்தயமும் ஊறப்போட்டு அரைப்பது எங்கும் உள்ளதுதான். இலங்கைத் தமிழர் வழக்கில் அதனுடன் கோதுமை மா சேரும். வீடுகளில் இன்றும் ‘அமெரிக்கன் மா’ என்று சொல்லப்படும் வெள்ளை மா இது. அமெரிக்க உதவிக் கோதுமை வந்திறங்கிய காலத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மஞ்சள் தூளும் சேர்ப்பதால் மாவு இளமஞ்சளாகும். பிறகு முக்கியமான வேலை: சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் அல்லது நற்சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றை எண்ணெயில் தாளித்து, அந்தத் தாளிதத்தைச் சூட்டோடு மாவில் கொட்டிக் கலக்குவது. கல்லில் ஊற்றினால் உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றே பெரிய, தடித்த, மெத்தென்ற தோசை வரும். நாலு விரலால் பிய்த்தாலே கிழியும். ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் யாருக்கும் போதாது. மூன்று நான்காகத்தான் கேட்பார்கள்.

மாவு புளிப்பது கண்டியில் கொஞ்சம் கவனம் கேட்கும் காரியம். அரைத்த மாவை உப்பச் செய்யும் நுண்ணுயிர்கள், குறிப்பாக லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா, 30 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். யாழ்ப்பாணத்தில் மாலையில் அரைத்த மாவு விடியற்காலையில் பாத்திரத்தை விட்டு வழியும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்டியில் தை மாத இரவு அவ்வளவு சூடாக இராது. அதனால் மாவைப் பகலிலேயே அரைத்துவிடுவார்கள். அல்லது அடுப்படி ஓரத்தில், சூடு ஆறாத இடத்தில் பானையை வைப்பார்கள். நுவரெலியாவில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். கோதுமை மா சேர்வதற்கு விலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சரியாகப் புளிக்காத மாவையும் அது ஒருவாறு தாங்கிப் பிடித்து மெத்தென்று ஆக்கிவிடும்.

உளுந்து கண்டிச் சீமைக்கு அந்நியப் பண்டமும் அன்று. மாத்தளைப் பக்கத்தில் சிங்களக் கிராமத்தவர்கள் உளுந்து மாவை வளையமாகப் பிழிந்து பொரித்து, கித்துள் பாணியில் ஊறவைத்து விற்கும் ‘உந்து வளலு’ பெயர்பெற்ற இனிப்பு. இருந்தாலும் நாட்டின் தேவைக்கு உள்ளூர் விளைச்சல் போதாமல் இறக்குமதியை நம்பியே கடைகள் ஓடின. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 இல் அரசாங்கம் மஞ்சள், உளுந்து ஆகியவற்றின் இறக்குமதியை நிறுத்தவும் கட்டுப்படுத்தவும் செய்தது. தோசைக்கு உயிர் கொடுக்கும் பொருளும் நிறம் கொடுக்கும் பொருளும் ஒரே சமயத்தில் பிடிபட்டன. உளுந்து கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போனது. பாக்கு நீரிணையில் மஞ்சள் மூட்டைகளைக் கடத்தும் படகுகள் பிடிபட்ட செய்தி அன்றாடச் செய்தியாயிற்று. கடைகளில் உளுந்து வடை சிறுத்தது. சில நாள் காணாமலும் போனது. கடலைப் பருப்பு வடை மட்டும் தட்டில் தனியாக நின்றது.

அடுத்து எரிவாயு. 2021 அக்டோபருக்கு முன் 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 1,493 ரூபாய். 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாய், அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால். விறகடுப்புக்குத் திரும்ப இடவசதி இருந்த கடைகள் திரும்பின. மற்றவை பட்டியலைச் சுருக்கின. நாள் முழுக்கக் கல் காய்ந்துகொண்டிருக்க வேண்டிய தோசைதான் எரிவாயுவை அதிகம் தின்னும் பண்டம். ஒரு கொதியில் முடிந்துவிடும் சோறு கறிக்கு அவ்வளவு செலவில்லை. விலைகள் பிறகு ஓரளவு இறங்கின. சாப்பாட்டின் விலை அதே வேகத்தில் இறங்கவில்லை என்பது வாடிக்கையாளர்களின் பழைய மனத்தாங்கல்.

இனித் தோசைக்குத் துணைவருபவை. சாம்பார் இங்கே பல கடைகளில் துவரம் பருப்பில் வேகாமல் மைசூர்ப் பருப்பில் வேகிறது. இலங்கையின் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சிவப்புப் பருப்பு அதுதான். சீக்கிரம் கரையும், சற்றே இனிக்கும். உள்ளே நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கரட்டும் உருளைக்கிழங்கும் மிதக்கும். புளியும் பெருங்காயமும் தமிழ்நாட்டு அளவுக்கு ஏறாது. தமிழ்நாட்டு நாக்குக்கு இது சாம்பாரா பருப்புக் குழம்பா என்ற சந்தேகம் வரலாம், சந்தேகம் நியாயமானதுதான்.

சம்பல் அப்படியில்லை. சைவக்கடையின் உண்மையான பெருமை அதில் இருக்கிறது. சிங்களச் சமையலில் தேங்காய்ச் சம்பலுக்கு மாசி இடித்துப் போடுவது வழக்கம். வெங்காயமும் மிளகாயும் உப்பும் சேர்த்து இடிக்கும் கட்டைச் சம்பலிலும் மாசி இருக்கும். மாசி தரும் அந்தக் கடல் ருசி இல்லாமல் சம்பலைத் தூக்கி நிறுத்துவது சுலபமில்லை. சைவக்கடைக்காரர் அதைச் செத்தல் மிளகாயாலும் சின்ன வெங்காயத்தாலும் தேசிக்காய்ப் புளியாலும் ஈடுசெய்கிறார். மிளகாயை லேசாக வறுத்து உப்போடு இடித்து, துருவிய தேங்காயைப் பிறகு சேர்த்து, வெங்காயம் நசுங்கும் மட்டும் அடித்து, கடைசியில் தேசிக்காய் பிழிந்தால் சிவந்த, ஈரமான சம்பல் வரும். தாளித்து நீர்க்க ஓடும் சட்னி இன்னொரு வாளியில் வரும். முழுச் சைவம் கடைப்பிடிப்பவர்கள் மற்றக் கடைகளில் சம்பலைத் தொடத் தயங்குவதற்கும் சைவக்கடையைத் தேடிப் போவதற்கும் இந்த மாசியே காரணம். ஒரு கடை சைவக்கடையா என்று பார்க்கச் சாமி படத்தைவிடச் சம்பல் நம்பகமான சாட்சி.

காலை ஆறரை, ஏழு மணிக்கே கடை திறந்துவிடும். இட்லி, தோசை, இடியப்பமும் சொதியும், பிட்டு, உளுந்து வடை எல்லாம் அப்போது கிடைக்கும். தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டு இறக்கித் தேசிக்காய் விடும் சொதி யாழ்ப்பாணத்தின் வரவு. பதினொன்றரைக்கு மேல் சோறு தொடங்கிவிடும். அப்போது தோசை கேட்டால் ‘பின்னேரம் வாங்க’ என்ற பதில்தான் கிடைக்கும். மதியச் சாப்பாட்டில் அயலின் கை நன்றாகத் தெரிகிறது. பருப்பு, கத்தரிக்காய்க் கறி, பீட்ரூட், அப்பளம், மோர்மிளகாய், ரசம் இவற்றோடு வல்லாரைச் சம்பலும் பிஞ்சுப் பலாக்காய்க் கறியும் வரும். பிஞ்சுப் பலாவைக் கறுக்க வதக்கி நெடுநேரம் வேகவிடும் ‘பொலொஸ்’ கண்டிச் சிங்கள வீடுகளின் சமையல். அதை மாசி இல்லாமல் எடுத்துக்கொண்டதில் சைவக்கடைக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. நாட்டரிசியா சம்பாவா என்று கேட்டுப் போடும் கடையும் உண்டு. மாலை நான்கு மணிக்குக் கல் மறுபடி காயும். அலுவலகமும் பள்ளியும் விட்டு பஸ்ஸுக்கு ஓடுபவர்கள் வடையும் பிளேன்டீயும் கேட்டு நிற்கும் நேரம் அது. மிக்ஸர், முறுக்கு என்று பொதி கட்டித் தொங்கவிட்டிருப்பதும் அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான்.

மேசைப் பழக்கம் ஒன்றைப் புதியவர் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் வாய்ப்பனும் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசமும் இல்லை, முழுவதையும் தின்ன வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எடுத்ததை மட்டும் எண்ணிக் காசு வாங்குவார்கள்; மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். இந்தப் பழக்கம் இலங்கையின் தேநீர்க்கடைகள் எல்லாவற்றுக்கும் பொது. சுகாதாரக் கண்ணோடு பார்த்தால் இதில் குறை சொல்ல நிறைய உண்டு. இடுக்கி வைத்து எடுத்துத் தரும் கடைகள் இப்போது கூடிவருகின்றன, அதுவே சரி.

தட்டின்மேல் மெல்லிய பொலித்தீன் தாளை விரித்துச் சாப்பாடு போடுவதும் நெடுநாள் வழக்கம். தட்டைக் கழுவும் வேலை மிச்சம், முன்னவர் எச்சில் என்ற அருவருப்பும் இல்லை. 2017 செப்டம்பர் 1 முதல் ‘லஞ்ச் ஷீட்’ எனப்படும் அந்தத் தாளுக்கு அரசாங்கம் தடைவிதித்தது. சட்டம் வந்தது, தாள் உடனே ஒழிந்துவிடவில்லை. இதே வேலையைச் செலவில்லாமல் செய்துவந்த வாழையிலை மலைநாட்டில் அருமையாய்க் கிடைக்கும் பொருளும் இல்லை என்பதால், பொலித்தீன் விரித்த தட்டுக்கு நியாயம் சொல்வது கஷ்டம்.

யார் சாப்பிட வருகிறார்கள்? தமிழர் மட்டும் என்று நினைத்தால் தவறு. பௌத்தர்களின் போயா தினத்தில் நாடு முழுவதும் இறைச்சிக்கடைகளும் மதுக்கடைகளும் மூடப்படும். தலதா மாளிகைக்கு வெள்ளை உடுத்தி வரும் கூட்டத்தில் ஒரு பங்கு தொழுதுவிட்டுச் சைவக்கடைக்குத் திரும்பும். ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டில் வரும் எசல பெரஹரா நாட்களில் அடுப்பு அணையாது. வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டி, திருவெம்பாவைக் காலங்களிலும் இந்துக்கள் நிறைவார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் படிக்க வரும் மாணவர்கள் வளாகத்துக் குறிஞ்சிக் குமரன் கோயிலையும் நகரத்துச் சைவக்கடையையும் சேர்த்தே நினைவு வைத்திருப்பவர்கள். தலதா வீதியில் பெயர்பெற்ற ‘முஸ்லிம் ஹோட்டல்’ கொத்து ரொட்டிக்கும் புரியாணிக்கும் இருப்பதுபோல, தோசைக்கு இவை என்ற பங்கீடு நகரவாசிகளின் மனத்தில் தெளிவாக இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களும் காலை இட்லிக்கு இங்கே வருவதுண்டு.

தோட்டத்து மக்களின் நிலை வேறு. தெல்தோட்டை, கலஹா, ஹந்தானை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் அன்றாடக் காலை உணவு கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும்தான். தோசையும் இட்லியும் தீபாவளி, பொங்கல் போன்ற நாட்களுக்கு. தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டதே 2021 இல், அதுவும் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு. வைத்தியசாலைக்கோ வங்கிக்கோ கண்டிக்கு வந்தால், பிள்ளைகளோடு சைவக்கடையில் ஒரு வேளை உட்காருவது அவர்களுக்குச் சிறிய திருவிழா. யாருடைய பாட்டன் பாட்டிகள் இந்த ஊருக்கு நடந்து வந்ததால் இந்தக் கடைகள் உண்டாயினவோ, அவர்களுக்கே இது அபூர்வச் சாப்பாடாக இருப்பது நியாயமான கணக்கில்லை.

கடைகளுக்கு வந்த சோதனைகளில் மிகப் பெரியது 1983. தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம் அந்த மாதம் 26ஆம் தேதி கண்டிக்கும் பரவி, தமிழர் கடைகள் கொளுத்தப்பட்டன. சில முதலாளிகள் வடக்குக்கோ தமிழ்நாட்டுக்கோ போய்விட்டார்கள். சிலர் அதே இடத்தில் மறுபடி அடுப்பு மூட்டினார்கள். அவர்களின் முதல் வாடிக்கையாளர்களில் சிங்கள அயலவர்களும் இருந்தார்கள் என்பது மலையகத்தில் பலரும் சொல்லும் செய்தி.

2009 இல் போர் முடிந்த பிறகு வந்தவை வேறு வகைக் கடைகள். இந்தியச் சுற்றுலாப் பயணிகள் பெருகினார்கள். அவர்களுக்குத் தெரிந்த சுவையும் தேவைப்பட்டது. கொழும்பில் பம்பலப்பிட்டியின் பழைய சரஸ்வதி லொட்ஜ், கிறீன்லண்ட்ஸ் போன்றவற்றின் பக்கத்தில் சென்னைப் பாணிக் கடைகள் முளைத்தன. கண்டியில் ‘பாலாஜி தோசை’ போன்ற கடைகள் நெய்த்தோசை, பன்னீர்த் தோசை, மசால் தோசை என்று நீண்ட பட்டியலோடு பயணிகளையும் உள்ளூர்க் குடும்பங்களையும் ஈர்க்கின்றன. குளிரூட்டி, படம்போட்ட மெனு, அட்டையில் பணம் செலுத்தும் வசதி எல்லாம் உண்டு. சுத்தத்திலும் வேகத்திலும் பழைய கடைகள் இவற்றிடம் கற்க வேண்டியது இருக்கிறது.

ஆனால் தாளிதம் கலந்த தடித்த மஞ்சள் தோசை இந்தப் பட்டியல்களில் இடம்பெறுவது குறைந்துவருகிறது. பழைய கடைகளிலும் ‘மசால் தோசை’ என்ற பலகை ஏறியபின் அந்தத் தடித்த தோசையைக் கேட்பவர் குறைகிறார்கள். கேட்பவர் குறைந்தால் மாவு கரைப்பவரும் விட்டுவிடுவார். கண்டிக்குப் போகிறவர் முறுகல் தோசையைச் சென்னையிலோ கொழும்பிலோ சாப்பிட்டுக்கொள்ளலாம். இங்கே காலை எட்டு மணிக்குள் ஒரு பழைய சைவக்கடைக்குப் போய், சாதாரணத் தோசை நாலும் சம்பலும் கேளுங்கள். மசாலா வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.